பாங்கு நேரத்துப் பிள்ளை

பள்ளிவாசல் ஒலிபெருக்கி பாங்கு சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை கரகரக்கும். மோதினார் ஸ்விட்சைப் போட்டுவிட்டுத் தொண்டையைச் செருமுகிற சத்தம் அது. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற தெருக்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது காதில் விழாது. பாங்கு முழுவதும் சொல்லி முடித்த பிறகும் போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு புரண்டு படுக்கிற ஜாதிதான் அதிகம். வேம்புக்கு அந்தச் செருமலே போதும். சொல்லப்போனால் அதற்கும் கால் மணி நேரம் முன்னாலிருந்தே கண்ணை மூடிக்கொண்டு காத்துக் கிடப்பாள்.

பக்தி என்று நினைத்துவிட வேண்டாம். அவள் வருஷத்துக்கு ஒரு தடவை கல்லங்குறிச்சிப் பெருமாளுக்குப் போய் வருகிறவள். பாங்கில் சொல்வது ஒரு வார்த்தைகூட அவளுக்குப் புரியாது. ஆனால் முதல் 'அல்லாஹு அக்பர்' எழும்பியதும் உள் அறைக் கதவு திறக்கும். தம்பி பொண்டாட்டி பரிமளா, தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவாள். வேம்பு படுத்திருக்கிற பாயில் சுவர்ப் பக்கமாகக் கிடத்திவிட்டுக் குளிக்கப் போவாள். ஆறு மணிக்குப் பாலக்கரையில் கம்பெனி பஸ். அதை விட்டால் அன்றைய வேலை போச்சு. அப்படிக் கிடத்துகிற நிமிஷத்திலிருந்து மத்தியானம் மூன்று மணி வரைக்கும் பிள்ளை வேம்புடையது. அதனால்தான் அந்தச் செருமலுக்கு அவள் காத்துக் கிடந்தாள்.

பிள்ளைக்கு ஒன்றரை வயது. பேர் வெற்றிச்செல்வி. அந்தப் பேரை வைத்தது பரிமளா. வேம்பு மனசில் வேறு ஒரு பேர் இருந்தது. யாரும் கேட்கவில்லை. அதனால் அவள் இன்றுவரை அந்தப் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'பாப்பா'தான்.

வேம்புக்கு நாற்பத்தோரு வயது. குரும்பலூரில் அடுத்தவர் காட்டில் வெங்காயம் பிடுங்கிப் பிழைத்த குடும்பம். அம்மா போய்ச் சேர்ந்தபோது தம்பி முத்துவேலுக்கு ஆறு வயது, இவளுக்குப் பதினேழு. அப்பா அடுத்த வருஷமே அம்மாவைத் தேடிப் போய்விட்டார். இவள் தையல் மிஷினில் உட்கார்ந்தாள், தம்பியை நிமிர்த்தினாள். நடுவில் இரண்டு வரன் வந்தது. தம்பி பத்தாவது முடிக்கட்டும் என்றாள். அடுத்தது வந்தபோது, அவன் லைசென்ஸ் எடுக்கட்டும் என்றாள். அவன் லைசென்ஸ் எடுத்து, அரியலூர் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரியில் ஏறி உட்கார்ந்தபோது, வேம்பைக் கேட்டு வர ஆள் இல்லை. அதைப் பற்றி அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. ஆனால் ஒரு நாள் முத்துவேல் பூலாம்பாடியிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து, "அக்கா, இது பரிமளா" என்று நிறுத்தியபோது அவள் வயிறு எரிந்தது. அது அன்றைக்குப் பற்றிய நெருப்பு, அணையவில்லை.

பொறாமைக்குப் பாசம் என்று பேர் வைத்துக்கொண்டு திரிகிற கெட்டிக்காரர்கள் உண்டு. வேம்புக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. பொறாமை என்று தெரிந்தே பொறாமைப்பட்டாள். "பரிமளா வச்ச ரசம் எப்படி இருக்கு பாத்தியாக்கா" என்று தம்பி கேட்டால், "புளித்தண்ணியில மிளகு மிதக்குது" என்பாள். வேம்பு ஒரு முழு ரவிக்கை தைப்பாள். பரிமளா கம்பெனியில் நாள் முழுக்கச் சட்டைக் காலர் மட்டும்தான் தைப்பாள். "காலர் தைக்கிறதுக்குப் பேரு தையலா?" என்று அதற்கும் ஒரு இடி.

பிள்ளை வந்த பிறகுதான் பொறாமைக்குச் சரியான தீனி கிடைத்தது. பகலெல்லாம் வேம்பின் இடுப்பிலும் மிஷின் காலடியிலும் கிடக்கிற பிள்ளை, மூன்று மணிக்குத் தெருமுனையில் பரிமளாவின் நீலச் சுடிதார் தெரிந்ததும் திமிறிக்கொண்டு இறங்கி ஓடும். ஓடினால் ஓடட்டும். ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்கலாம் இல்லையா? பார்க்காது. வேம்பு ஊசியில் நூல் கோக்கிறவளைப் போலக் குனிந்துகொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பரிமளா வாசலில் நின்று கத்தினாள். "அண்ணி, ஓடியாங்க! பாப்பா நடக்குது! முத முதலா என்கிட்ட நடந்து வருது!" முகமெல்லாம் பல். வேம்பு வாய் வரைக்கும் வந்ததை விழுங்கியிருக்கலாம், விழுங்கவில்லை. "வியாழக்கிழமையே நடந்துட்டாளே. மிஷின்லேருந்து கட்டில் வரைக்கும் ஏழெட்டு அடி வச்சா. நீ அப்ப காலர் தச்சிக்கிட்டு இருந்திருப்ப." பரிமளா முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே உதிர்ந்தது. அன்றைக்கு வேம்புக்குச் சோறு ருசித்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில், போன தை மாசம் முத்துவேல் ஒரு வேலை செய்தான். லாரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, பிள்ளையை டிரைவர் சீட்டில் தூக்கி உட்கார வைத்து, விளையாட்டாக ஏர் ஹாரனை அமுக்கினான். பிள்ளை விறைத்துப்போனது. அன்றிலிருந்து தூக்கத்தில் திடுக் திடுக் என்று விழித்துக்கொண்டு வீறிட்டது, சோற்றை வாயில் வாங்கவில்லை, உடம்பும் லேசாகச் சுட்டது. டாக்டர் ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். தெருவில் இட்லிக்கடை போட்டிருக்கும் பூமாலை கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"சிரப்பும் குடுங்க, வேண்டாங்கல. ஆனா இது பயந்த கோளாறு. பள்ளிவாசல்ல விடியக்காலைல சுபுஹு தொழுதுட்டு வெளிய வருவாங்க பாரு, அவங்க ஊதுனா சரியாப் போவும். மோதினார் பாய் தண்ணியில ஓதியும் குடுப்பாரு. மூணு நாள் விடாம போவணும்."

பெரம்பலூரில் இது புதுசு இல்லை. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவளானாலும் பிள்ளை பயந்துவிட்டால் பள்ளிவாசல் வாசலில் போய் நிற்பாள். பரிமளாவுக்குத் தானே போக ஆசை. அந்த மாதத்து லீவெல்லாம் தீர்ந்திருந்தது. "அண்ணி, நீங்களே தூக்கிட்டுப் போங்க" என்றாள். கெஞ்சுகிற குரல். வேம்புக்கு அதுவே இனித்தது.

முதல் நாள் பாங்கு சொன்னதும் பிள்ளை கைக்கு வந்தது. வேம்பு அதற்கு ஸ்வெட்டர் மாட்டி, துண்டைச் சுற்றி, ஒரு பாட்டில் தண்ணீரோடு மூன்று தெரு தாண்டிப் போனாள். வாசலில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள், எல்லோர் தோளிலும் ஒரு பிள்ளை. தொழுகை முடிந்து ஆண்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்கள். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் வரிசையாக நின்ற பிள்ளைகளின் முகத்தில் ஊதிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார்கள். அத்தர் வாசனை அடித்தது. கடைசியில் மோதினார் வந்தார். மெலிந்த, வெள்ளைத் தாடி வைத்த மனுஷர். தினமும் காதில் விழுகிற குரலுக்கு இவ்வளவு சின்ன உடம்பா என்று வேம்பு பார்த்துக்கொண்டு நின்றாள்.

"புள்ள பேரு என்னம்மா?"

"வெற்றிச்செல்வி." அந்தப் பேரை வேம்பு வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

"தாய் பேரு?"

"வேம்பு."

வாய் தவறி வந்துவிட்டது என்று பிற்பாடு அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நம்பாதீர்கள். ஒன்றரை வருஷமாக நாக்கு நுனியில் உட்கார்ந்திருந்த பேர் அது. கேட்க ஒருத்தர் கிடைத்தார், இறங்கி வந்துவிட்டது.

மோதினார் பாட்டிலைத் திறந்து, கண்ணை மூடி, அரபியில் முணுமுணுத்தார். பிறகு தமிழில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "வேம்பு மக வெற்றிச்செல்விக்கு நல்ல சுகத்தைக் குடு ரஹ்மானே" என்றார். தண்ணீரில் மூன்று தடவை ஊதினார்.

வேம்பு மக. நாற்பத்தோரு வருஷத்தில் யாரும் சொல்லாத இரண்டு வார்த்தை. வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பிள்ளையின் நெற்றியில் வாயை வைத்துக்கொண்டு அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். மூன்று மணிக்குப் பரிமளா ஓடி வந்து, "என்ன பண்ணாங்க அண்ணி? என்ன கேட்டாங்க?" என்றாள்.

"ஊதுனாங்க. ஒண்ணும் கேக்கல."

இரண்டாம் நாள் வாசலில் நின்ற ஒருத்தி, "புள்ள அப்படியே உங்க சாடைங்க, அந்த மூக்கு" என்றாள். முத்துவேலின் மூக்கும் வேம்பின் மூக்கும் ஒரே அச்சு. அதை வேம்பு விளக்கப் போவாளா? "ஆமாங்க, எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று சிரித்தாள். மோதினார் பேரை ஞாபகம் வைத்திருந்தார். "வாம்மா வேம்பு. உம் மக ராத்திரி தூங்குச்சா?" என்றார். தூங்கவில்லை என்று சொல்லும்போதுகூட அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. பிள்ளைக்காகக் கவலைப்படுகிற தாயின் குரல் எப்படி இருக்குமோ அப்படிப் பேசிப் பார்த்தாள்.

அன்றைக்குப் பத்து மணிக்கெல்லாம் பிள்ளை உடம்பு அனலாகக் கொதித்தது. வேம்பு ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடினாள். காய்ச்சல் நூற்று மூன்று. டாக்டர் ஊசி போட்டார், மருந்தை மாற்றினார். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள குறையலைன்னா அட்மிஷன் போட்டுடலாம்" என்றார். பிள்ளை கண் திறக்கவில்லை. வேம்பின் தோளில் துணி மாதிரிக் கிடந்தது.

தெருவுக்குள் நுழையும்போது பூமாலை இட்லிப் பானையை இறக்கிக்கொண்டிருந்தாள். "ரெண்டு நாள் ஊதியுமா இப்படி?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "தாய் பேரு கேட்டாங்களா? பரிமளா பேரத் தெளிவாச் சொன்னியா? ஏன் கேக்குறன்னா, தாய் பேரு மாறிச்சுன்னா ஓதுனது இந்தப் புள்ளைக்குச் சேராது. வேற எங்கயோ போயிடும்."

வேம்பு வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பாயில் போட்டு ஈரத்துணி வைத்துக்கொண்டே அதையே நினைத்தாள். இரண்டு நாள் ஓதியது எங்கே போயிருக்கும்? வேம்பு மகளுக்குப் போயிருக்கும். வேம்பு மகள் எங்கே இருக்கிறாள்? எங்கேயும் இல்லை. பிறக்கவே பிறக்காத ஒரு பிள்ளைக்குச் சுகம் கேட்டு இரண்டு விடியல் போய் நின்றுவிட்டு வந்திருக்கிறாள். இங்கே இருக்கிற பிள்ளை வெந்துகொண்டிருக்கிறது.

முத்துவேலுக்குப் போன் போட்டாள். அவன் லோடு இறக்குகிற இடத்தில் வரிசையில் நின்றான், மறுநாள் மத்தியானம்தான் வர முடியும் என்றான். பரிமளா மூன்று மணிக்கு வந்து பிள்ளையைத் தொட்டாள். தொட்ட கையோடு கம்பெனிக்குப் போன் போட்டு, சம்பளம் போனாலும் சரி, நாளைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"நாளைக்கு நானும் பள்ளிவாசலுக்கு வரேன் அண்ணி."

வேம்பு தலையாட்டினாள். மறுநாள் பாங்கு சொன்னபோது கதவு திறந்தது, பிள்ளை மட்டும் பாய்க்கு வரவில்லை. பரிமளா அதைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். மூன்று தெரு. முதல் தெருவில் சொல்லிவிடலாம் என்று வேம்பு நினைத்தாள். இரண்டாம் தெருவில், "பரிமளா" என்று வாயைத் திறந்தாள். "என்னங்க அண்ணி?" என்று அவள் திரும்பியதும், "துண்டை இழுத்து மூடு, பனி அடிக்குது" என்றாள். மூன்றாவது தெரு பள்ளிவாசல் தெரு.

அதே பெண்கள். மூக்கைப் பற்றிச் சொன்னவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். "வாங்க. இது யாரு, உங்க தங்கச்சிங்களா?" வேம்பு பிள்ளையின் துண்டைச் சரிசெய்தாள். பரிமளா விளங்காமல் இரண்டு பேரையும் பார்த்தாள். ஆண்கள் வந்தார்கள், ஊதினார்கள், போனார்கள். மோதினார் நேராக வேம்பிடம்தான் வந்தார்.

"வாம்மா வேம்பு. உம் மகளுக்கு இன்னிக்கு எப்படி இருக்கு?"

பரிமளாவின் தலை மெதுவாகத் திரும்பியது. அப்போதும் வேம்புக்கு ஒரு வழி இருந்தது. கிழவருக்கு ஞாபகம் பிசகிவிட்டது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், பரிமளா நம்பியும் இருப்பாள். மோதினார் பாட்டிலை வாங்கிக் கண்ணை மூடினார். முணுமுணுத்து முடித்து, "வேம்பு மக…" என்று ஆரம்பித்தார். வேம்பு அவர் கையிலிருந்த பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்துங்க பாய். தாய் நான் இல்ல. இவதான் பெத்தவ. பேரு பரிமளா. நான் அத்தைக்காரி."

மோதினார் கண்ணைத் திறந்தார். கோபப்படவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவராக, "அப்ப ரெண்டு நாளா நான் யாருக்கும்மா ஓதுனேன்?" என்று கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது வேம்புக்குத் திட்டித் தீர்க்க ஆள் கிடைத்திருக்கும். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பள்ளிவாசல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். பின்னால் மோதினார் முதலிலிருந்து ஓத ஆரம்பித்தார். "பரிமளா மக வெற்றிச்செல்விக்கு" என்று தெளிவாகக் கேட்டது. அந்த நிலையிலும், பிள்ளை கொதித்துக் கிடக்கிற அந்த நேரத்திலும், அவளுக்கு வயிறு எரிந்தது.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைக்கு வேர்த்தது. ஒரு மணிக்குக் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டது. மாற்றிக் கொடுத்த மருந்தா, ஓதிக் கொடுத்த தண்ணீரா என்று நமக்கு என்ன தெரியும்? பூமாலைக்குத் தெரியும், அவள் தெரு முழுக்கச் சொன்னாள். முத்துவேல் வந்து பிள்ளையைக் கொஞ்சிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான், பரிமளா அவன் காது கேட்கவே சொன்னாள்.

"பாப்பாவைப் பூலாம்பாடிக்குத் தூக்கிட்டுப் போறேன். எங்கம்மா பாத்துக்குவாங்க. அங்கேருந்தும் கம்பெனி பஸ் வருது."

"ஏன், இங்க அக்கா இருக்குல்ல?" என்றான் முத்துவேல்.

"அதான்" என்றாள் பரிமளா. "உடம்பு முடியாத புள்ளைக்கு என் பேரைச் சொல்ல உங்க அக்காவுக்கு வாய் வரல."

வேம்பு பிள்ளையின் ஸ்வெட்டரையும் குல்லாவையும் மடித்துப் பையில் வைத்தாள். மிஷின் பெட்டிக்குள் அது விளையாடுகிற காலி நூல்கண்டுகள் ஐந்தாறு கிடந்தன. வைக்கலாமா என்று யோசித்து, வைத்தாள்.

அடுத்த நாள் பாங்குக்கு முன்னால் மோதினார் செருமினார். வேம்பு வழக்கம்போலச் சுவர்ப் பக்கம் இடம் விட்டு நகர்ந்து படுத்தாள். நகர்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. உள் அறைக் கதவு திறக்கவில்லை. பாங்கு முழுவதும் கேட்டாள், கடைசி இழுவை அடங்குகிற வரைக்கும். இவ்வளவு நீளமா இது என்று இருந்தது. இந்நேரம் பூலாம்பாடியில் பிள்ளை அம்மாயி பக்கத்தில் கிடக்கும். கல்யாணத்தில் ஒரு தடவை, காதுகுத்தில் ஒரு தடவை என்று இரண்டே தடவை பார்த்த அந்த அம்மாயி மேல் புதுசாக ஒரு பொறாமை கிளம்பியது. பிள்ளைக்கு வெறுஞ்சோறு பிடிக்காது, பருப்புத் தண்ணீர் விட்டுப் பிசைய வேண்டும் என்று அவளுக்குத் தெரியுமா? தெரியக் கூடாது என்றும் நினைத்தாள். அப்படி ஐந்து விடியல்.

ஐந்தாம் நாள் பொழுது சாய்கிற நேரத்தில் பரிமளா பையும் பிள்ளையுமாக வந்து இறங்கினாள். காரணம் சொல்லவில்லை. பிள்ளையைக் கீழே விடவும் இல்லை. தூக்கிக்கொண்டு நேராக உள் அறைக்குப் போய்விட்டாள். வேம்பு இரண்டு பேருக்கும் சாப்பாடு எடுத்து வைத்தாள். பருப்புத் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் தனியாக வைத்தாள்.

விடியலில் செருமல் கேட்டது. முதல் 'அல்லாஹு அக்பர்' கேட்டது. உள் அறைக் கதவு திறந்தது. வேம்பு கண்ணைத் திறக்கவில்லை, நகரவும் இல்லை. நகர்ந்துவிட்டு ஏமாற அவள் தயாராக இல்லை. பரிமளா பாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தாள்.

"தள்ளிப் படுங்க அண்ணி."

வேம்பு தள்ளிப் படுத்தாள். பிள்ளை சுவர்ப் பக்கம் வந்து விழுந்தது. கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி, வேம்பின் கழுத்தைத் தடவி, தாலி இல்லாத அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு மறுபடி தூங்கிப்போனது. பரிமளா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அங்கயும் பாங்கு கேக்குது அண்ணி. கேட்டதும் முழிச்சிக்குது. என்னைத் தாண்டி ஊர்ந்து போவுது. எங்கம்மா கழுத்தைத் தடவிப் பாக்குது, சங்கிலி தட்டுப்பட்டதும் அழுவுது. அஞ்சு நாளும் அப்படித்தான். பெத்தவ நான் பக்கத்துலயே கெடக்குறேன், என்னைத் தேடல." பரிமளா மூக்கை உறிஞ்சினாள். "உங்க பேரைச் சொல்லி ரெண்டு நாள் ஓதுனாங்களே. அது வேற எங்கயும் போவல."

வேம்பு பதில் சொல்ல வாயெடுத்தாள்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். வயித்தெரிச்சலோடதான் கொண்டாந்து போடுறேன்" என்றாள் பரிமளா. குளித்து, நீலச் சுடிதார் மாட்டிக்கொண்டு, வாசலில் செருப்பைப் போடும்போது உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "மூணு மணிக்கு வந்துடுவேன்."

வேம்பு பிள்ளையின் விரல் அசையாதபடி அப்படியே படுத்துக் கிடந்தாள். வெளியே இன்னும் நன்றாக வெளுக்கவில்லை. மூன்று மணிக்கு இது திமிறி இறங்கித் திரும்பிப் பார்க்காமல் ஓடப்போவதை நினைத்து இப்போதே அவளுக்கு எரிய ஆரம்பித்தது.